எடுக்கும் நாளையும் எழுதி வையுங்கள்

குடல் அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவரைச் சுற்றி நிற்கும் உறவினர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டே கேள்விகள்: காற்று பிரிந்துவிட்டதா, எப்போது வாய்க்குத் தண்ணீர் கொடுக்கலாம். தையல், வலி, வயிற்றில் மலப்பை பொருத்தியிருந்தால் அதைப் பராமரிக்கும் விதம் எல்லாம் பேச்சில் வந்துவிடும். கட்டில் ஓரத்தில் கொக்கியில் தொங்கும் யூரின் பையைப் பற்றி, அது நிரம்பினால் ஒழிய, பேச்சு வருவதில்லை. அந்தப் பையில் முடியும் குழாய் எதற்குப் போடப்பட்டது, என்றைக்கு எடுப்பார்கள் என்று நோயாளிக்குச் சொல்லும் வழக்கமும் குறைவு. கதீட்டர் எனப்படும் அந்தக் குழாயைப் போடுகிற அன்றே அதை எடுக்கும் நாளையும் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும், அந்த நாளைத் தாண்டி அது உள்ளே இருந்தால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் எழுத வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் குடல் அறுவைக்குப் பிறகு வரும் சிறுநீர்த் தொல்லைகளில் தடுக்கக்கூடியவை பலவும் இந்த ஒரு பழக்கத்தைப் பொறுத்தே இருக்கின்றன.

குழாயே வேண்டாம் என்று யாரும் வாதிட முடியாது. பெருங்குடலையோ மலக்குடலையோ வெட்டி இணைக்கும் அறுவை பல மணி நேரம் நீளும். அவ்வளவு நேரமும் சிறுநீர்ப்பை நிரம்பிக்கொண்டே போனால் அடிவயிற்றின் ஆழத்தில் வேலை செய்ய வேண்டிய இடத்தை அது மறைக்கும். அதுவே காயப்படவும் கூடும். மயக்கத்தில் இருப்பவருக்கு நீர் முட்டுவது தெரியாது. இன்னொரு காரணம், கணக்கு. உடலில் ரத்த ஓட்டம் போதுமா என்பதை மணிக்கு மணி இறங்கும் சிறுநீரின் அளவு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லி லிட்டர் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் குறைந்தபட்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி லிட்டர். தொடர்ந்து அதற்குக் கீழே போனால் நீர்ச்சத்துக் குறைந்ததா, உள்ளே ரத்தம் கசிகிறதா, குடலின் இணைப்பு விட்டுப்போய் நோய்த்தொற்று தொடங்கியதா என்று மருத்துவர் தேட ஆரம்பிப்பார். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஓரிரு நாளில் தீர்ந்துபோகிறவை. ரத்த அழுத்தம் சீராகி, எழுந்து உட்கார்ந்து, வாய்வழியாகக் குடிக்கத் தொடங்கியவருக்கு மணிக்கணக்கு அளவீடு தேவையில்லை. அளவு போட்ட குவளையில் பிடித்து எழுதி வைத்தாலே போதும். காரணம் போன பின்னும் குழாய் மட்டும் தங்கிவிடுவதுதான் கவலைக்குரியது.

இன்று எங்கும் புழங்கும் குழாய்க்கு ஃபோலி கதீட்டர் என்று பெயர். அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி 1930களில் வடிவமைத்தது. நுனியருகே ஒரு சிறு பலூன் இருக்கும்; குழாய் சிறுநீர்ப்பைக்குள் சென்றதும் பலூனில் பொதுவாக 10 மில்லி லிட்டர் சுத்த நீரை ஏற்றுவார்கள், குழாய் நழுவாமல் நின்றுகொள்ளும். பிளாஸ்டர் ஒட்டிக் கட்டி வைத்த காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய வசதி. ஆனால் போட்ட குழாயை மறந்துவிடவும் அந்த வசதியே இடம் கொடுத்துவிட்டது. இயல்பாக நீர் பிரியும்போது ஒவ்வொரு முறையும் அது வேகமாகப் பாய்ந்து பாதையைக் கழுவிவிடுகிறது. குழாய் இருக்கும்போது அந்தக் கழுவல் இல்லை. குழாயின் உள்ளும் புறமும் கிருமிகள் ஒரு படலமாக ஒட்டி வளர்கின்றன. அந்தப் படலத்துக்குள் ஆன்டிபயாடிக் மருந்தால் முழுதாக நுழைய முடிவதில்லை. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் புதிதாக 3 முதல் 7 சதவீதம் பேருடைய சிறுநீரில் கிருமி சேர்கிறது என்று ஆய்வுகள் கணித்திருக்கின்றன. ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோர் சிறுநீரிலும் கிருமி இருக்கும். அப்படி இருப்பதே நோய் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று வலி, விலாப்புற வலி எதுவுமே இல்லாதவருக்கு, கல்ச்சர் அறிக்கையில் கிருமியின் பெயர் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தேவையில்லை. கொடுத்தால் கிருமி போகாது, மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறும். அறிகுறிகளோடு வரும் தொற்று வேறு. குடலில் புதிதாகத் தையல் போட்ட உடம்புக்கு அது வேண்டாத சுமை, சிலருக்கு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும்.

தேவையில்லாமல் குழாய் ஏன் தங்குகிறது? யாருக்கும் அக்கறை இல்லாததால் என்று நினைத்தால் தவறு. அமெரிக்காவில் சஞ்சய் செயின்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. நான்கு மருத்துவமனைகளில், தங்கள் பொறுப்பில் இருக்கும் நோயாளிகளில் யார் யாருக்குக் கதீட்டர் இருக்கிறது என்று மருத்துவர்களைக் கேட்டார்கள். மொத்தத்தில் 28 சதவீதம் இடங்களில் கேட்கப்பட்டவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. மருத்துவ மாணவர்களிடம் இந்த அளவு 21 சதவீதம். பொறுப்பு முழுவதையும் ஏற்றிருக்கும் மூத்த மருத்துவர்களிடம் 38 சதவீதம். பதவி உயர உயரக் கட்டிலிலிருந்து தூரமும் கூடுகிறது. இருப்பதே தெரியாத குழாயை யார் எடுக்கச் சொல்வார்கள்? இதற்கு மருந்து எளிது. இத்தனையாவது நாள், இன்னும் வேண்டுமா என்று தினமும் நினைவூட்டும் முறையையோ, குறித்த நாள் வந்ததும் குழாயை நிறுத்தும் உத்தரவையோ பின்பற்றிய மருத்துவமனைகளின் ஆய்வுகளை 2010இல் தொகுத்துப் பார்த்தபோது, கதீட்டரால் வரும் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு 603 அமெரிக்க மருத்துவமனைகளில் இதுபோன்ற ஒரு திட்டத்தை நடத்தி 2016இல் முடிவை வெளியிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அல்லாத வார்டுகளில் தொற்று 32 சதவீதம் குறைந்திருந்தது. புது இயந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அவசரப்பட்டு எடுத்தால் நீர் பிரியாமல் அடைத்துக்கொள்ளாதா, மறுபடி குழாய் போட வேண்டி வராதா என்பது முதல் மறுப்பு. வலுவான மறுப்பும் அதுதான். அதற்குப் பதில் சொல்லக் குடலும் சிறுநீர்ப்பையும் எப்படி அண்டை வீட்டார் ஆயின என்பதைப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை தாங்கும் தசைப்பை. அதைச் சுருக்கி நீரை வெளியேற்றச் சொல்லும் நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து, சாக்ரல் இரண்டு முதல் நான்கு வரையிலான மட்டத்திலிருந்து, வருகின்றன. நீரைத் தேக்கிவைக்க உதவும் நரம்புகள் மேலே இடுப்பு முதுகெலும்புப் பகுதியிலிருந்து இறங்குகின்றன. இரண்டும் இடுப்புக் குழியின் இரு பக்கச் சுவர்களில் வலைபோலப் பின்னி, மலக்குடலை உரசியபடியே முன்னால் போய்ச் சிறுநீர்ப்பையை அடைகின்றன. பெருங்குடலின் வலது பக்கத்தை வெட்டும் அறுவை இந்த வலைக்கு அருகில் வருவதே இல்லை. மலக்குடல் புற்றுநோய்க்கான அறுவையோ அதன் ஓரத்திலேயே நடக்கிறது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் பணியாற்றிய பில் ஹீல்ட் என்ற அறுவை மருத்துவர் 1982இல், மலக்குடலை அதைச் சூழ்ந்த கொழுப்புறையோடு முழுதாக, இயற்கையாகப் பிரியும் தளத்தில் பிரித்தெடுக்கும் முறையை விளக்கினார். புற்று திரும்ப வருவதைக் குறைக்கவே அது வந்தது; தளம் தப்பாமல் போகும்போது நரம்புகளும் கண்ணில் பட்டுக் காக்கப்படுகின்றன என்பது கூடுதல் நன்மை. அப்படியும் நரம்பு இழுபடலாம், வீங்கலாம், கட்டி அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் வெட்டியே ஆக வேண்டியும் வரலாம்.

ஆகவே ‘குடல் ஆபரேஷன்’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு நிலைமைகள் இருக்கின்றன. பிரான்சில் மலக்குடல் அறுவை செய்துகொண்ட 126 பேரை வைத்து நடந்து, 1999இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரு பகுதியினருக்கு ஒரே நாளில் குழாயை எடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஐந்தாம் நாளில். ஒரே நாளில் எடுத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு நீர் அடைத்துக்கொண்டது, ஐந்து நாள் வைத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கு. மறுப்பாளர்கள் சொன்னது இதுவரை சரி. ஆனால் சிறுநீர்த் தொற்று ஒரே நாள் பிரிவில் 20 சதவீதம், ஐந்து நாள் பிரிவில் 42 சதவீதம். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் கட்டி உள்ளவர்களுக்கு மட்டும் ஐந்து நாள் காத்திருக்கலாம், மற்ற பெரும்பாலானோருக்கு ஒரு நாள் போதும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். எனக்கு இந்த முடிவு நியாயமாகப் படுகிறது. அடைப்பு வந்தால் மறுபடி ஒரு முறை குழாய் போட்டு வடித்துவிடலாம். எல்லோருக்கும் ஐந்து நாள் வைத்தால் ஐந்தில் இருவருக்குத் தொற்று வருகிறது. அறுவைக்குப் பின் விரைவில் தேறும் முறைகளை வகுக்கும் ஈராஸ் சங்கம் 2018இல் வெளியிட்ட பரிந்துரையும் இதே வழியில்தான் போகிறது: ஆபத்துக் குறைந்தவர்களுக்கு முதல் நாளே எடுக்கலாம், ஆண்கள், முதுகில் எபிடியூரல் வலிமருந்து ஓடுபவர்கள், இடுப்புக் குழிக்குள் அறுவை நடந்தவர்கள் போன்றோருக்கு மூன்று நாள் வரை தேவைப்படலாம். நாளை எழுதி வையுங்கள் என்றால் எல்லோருக்கும் ஒரே நாளை எழுத வேண்டும் என்று பொருளில்லை. அறுவையின்போது சிறுநீர்ப்பையிலேயே ஓட்டை விழுந்து தைத்திருந்தாலோ, குடலோடு ஒட்டிய அதன் ஒரு பகுதியை வெட்டியிருந்தாலோ அந்தத் தையல் ஆற ஒன்று, இரண்டு வாரம் குழாய் இருந்தே தீர வேண்டும். அங்கே அவசரப்பட்டு எடுப்பதுதான் தீங்கு.

எபிடியூரல் இருக்கும்வரை குழாயைத் தொடக்கூடாது என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். வலிமருந்து சிறுநீர்ப்பையின் நரம்பையும் மரக்கடிக்கும் என்ற எண்ணம் அதன் அடிப்படை. முதுகின் கீழே, இடுப்பு மட்டத்தில் மருந்து ஓடினால் அந்தக் கவலையில் அர்த்தம் உண்டு. மேல்முதுகில், நெஞ்சு மட்டத்தில் ஓடும்போது நிலைமை வேறு. கனடாவின் மான்ட்ரியாலில் 2009இல் வெளியான ஆய்வில், மேல்முதுகு எபிடியூரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுவைக்கு மறுநாள் காலை குழாயை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்குத்தான் தொற்று வந்தது, எபிடியூரல் நிற்கும்வரை காத்திருந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு வந்தது. மறுபடி குழாய் போட வேண்டிய தேவை குறிப்பிடும்படி கூடவில்லை. இன்னொரு மறுப்பு வீட்டாரிடமிருந்து வரும்: பெரியவர் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறார், குழாய் இருந்தால் அவருக்கு நிம்மதி. அன்பில் வருகிற பேச்சுதான். ஆனால் கட்டிலோடு கட்டிப்போடும் ஒன்று அவரை நடக்க விடாது, நடக்காதவருக்குக் குடலும் தாமதமாகவே இயங்கும். மருத்துவமனையில் வயதானவர்களுக்குத் திடீர் மனக்குழப்பம் வரக் காரணமானவற்றை ஷாரன் இனோயே என்ற அமெரிக்க மருத்துவர் 1996இல் பட்டியலிட்டபோது அதில் சிறுநீர்க் கதீட்டரும் இருந்தது. குழப்பத்தில் அவர் குழாயைப் பிடித்து இழுத்தால் ஊதிய பலூன் பாதையைக் கிழித்துக்கொண்டு வரும். கட்டிலருகே ஒரு யூரின் பாட்டிலும் தூக்கி உட்கார வைக்க ஒரு கையும் அவருக்கு அதைவிட நல்லவை.

குழாயை எடுத்தவுடன் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டால் முன்னால் சொன்ன வாதமே பாழாகிவிடும். எடுத்த பிறகான ஆறு மணி நேரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நேரம். நீர் பிரிந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு பிரிந்தது, பிரிந்த பின் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். நிரம்பி வழியும் சிறுநீர்ப்பையும் சொட்டுச் சொட்டாக நீரை விடும். ‘அடிக்கடி போகிறார்’ என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள், உள்ளே ஒரு லிட்டர் தேங்கியிருக்கும். வலிமருந்தின் மயக்கத்தில் சிலருக்கு முட்டும் உணர்வே இராது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சிறு ஸ்கேன் கருவி மிச்சத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். அது இல்லாத மருத்துவமனையில் சாதாரண அல்ட்ராசவுண்ட் போதும், அதுவும் இல்லையென்றால் அனுபவமுள்ள கை தொப்புளுக்குக் கீழே தட்டிப் பார்த்தே ஓரளவு கண்டுகொள்ளும். இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அளவுக்கு மீறி மணிக்கணக்கில் விரிந்த தசை சுருங்கும் திறனை இழந்துவிடும். சில நேரம் அது மீள வாரங்கள் ஆகும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தால் பாதை ஏற்கெனவே குறுகியிருக்கும். அவர்களுக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரையை மருத்துவர் முன்கூட்டியே தொடங்கலாம். மலச்சிக்கலும் சளி மாத்திரைகள் சிலவும்கூட நீரை அடைக்கும் என்பதால், வீட்டில் முன்பு சாப்பிட்டுவந்த மருந்துகளை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

அப்படியும் சிலருக்கு, முக்கியமாக மலக்குடலின் அடிப்பகுதி அறுவைக்குப் பிறகு, நீர் தானாகப் பிரியாது. இரண்டு முறை முயன்றும் பலிக்கவில்லை என்றால் குழாயோடு வீட்டுக்கு அனுப்பி, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பது வழக்கம். அதில் பிழையில்லை. அந்த ஒன்றிரண்டு வாரம் மாதங்களாக நீள்வதுதான் பிழை. அதற்கு மாற்றாக நல்ல வழி ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லேபிடிஸ் 1972இல் வெளியிட்ட கட்டுரையில், நோயாளி தானே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, நீரை வடித்து, உடனே வெளியே எடுத்துவிடும் முறையை முன்வைத்தார். நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை செய்ய வேண்டும். இடையில் குழாய் இல்லை, பை இல்லை, கட்டுப்பாடு இல்லை. கிருமி நீக்கிய கையுறையும் கருவிகளும் இல்லாமல் செய்தால் தொற்று வராதா என்று அன்றைக்கே பலர் எதிர்த்தார்கள். லேபிடிஸின் வாதம் நேரானது: சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, கிருமி தங்க அதுவே இடம் கொடுக்கிறது. எனவே சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு, நேரம் தவறாமல் காலி செய்வதுதான் முக்கியம். பிறகு வந்த காலம் அவர் பக்கமே நின்றது. வீட்டில் நெடுநாள் செய்துகொள்பவர்களுக்குச் சுத்தமான கைமுறையே ஏற்கத்தக்கது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009 வழிகாட்டுதலும் சொல்கிறது. நம் ஊரில் இதற்குத் தடையாக நிற்பது கூச்சமும், கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஒதுக்காத அவசரமும். கூச்சத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தொடையில் பையைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கே போகாமல் இருப்பவரின் கூச்சத்தையும் எடை போட வேண்டும். கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு நீண்டநாள் குழாயோ, தொப்புளுக்குக் கீழே தோல்வழி போடும் குழாயோ தேவைப்படலாம். நரம்பு இழுபட்டதால் மட்டும் வந்த தொல்லை பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறைந்துவிடுகிறது. அதுவரை சிறுநீர்ப்பையைப் பத்திரமாக வைத்திருப்பதே இந்த முறையின் வேலை.

குழாயோடு வீட்டுக்கு வந்தவரைக் கவனிப்பவர்களுக்கு நுட்பமான வித்தை எதுவும் தேவையில்லை, ஒழுங்கு தேவை. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது. ஆட்டோவில் ஏறும்போது மடியில் தூக்கி வைத்துக்கொண்டால் பையில் இருந்த பழைய நீர் திரும்ப உள்ளே போகும். முக்கால்வாசி நிரம்புமுன் அடிக்குழாயைத் திறந்து காலி செய்யலாம். மேலே குழாயும் பையும் சேரும் மூட்டைக் கழற்றக்கூடாது. குழாய் உடலுக்குள் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும், டெட்டால் வேண்டாம். குழாய் இருந்தும் முட்டுவதுபோல இருப்பதும், ஓரமாகக் கொஞ்சம் நீர் கசிவதும் பலூன் உறுத்திச் சிறுநீர்ப்பை இறுகுவதால் வரலாம். முதலில் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு மணி நேரமாகப் பையில் ஒன்றும் இறங்காமல் அடிவயிறு உப்பினால், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ரத்தக் கட்டிகள் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரில் காற்றுக் குமிழ் வந்தாலோ மலவாடை அடித்தாலோ குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே வழி உண்டாகியிருக்கலாம். அறுவை செய்த மருத்துவருக்கு அன்றே தெரிய வேண்டிய செய்தி அது.

பெரிய டாக்டரிடம் ‘இந்த டியூப் இன்னும் வேணுமா சார்’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாதா என்று பல குடும்பங்கள் தயங்குகின்றன. கேள்வியைக் குடும்பத்தின் தலையில் மட்டும் போடுவதும் சரியில்லை. எடுக்கும் நாளும் விதிவிலக்குகளும் முன்பே எழுதப்பட்டிருந்தால், அந்த நாள் காலையில் வார்டு நர்ஸே குழாயை எடுத்துவிட்டு, பகல் முழுவதும் நீரின் அளவைப் பார்த்து எழுதலாம். ரவுண்ட்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நர்ஸுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்த மருத்துவமனைகளில் குழாய் நாட்கள் குறைந்திருக்கின்றன. மருத்துவர் வந்து பார்த்தபின்தான் எடுக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு மருத்துவக் காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்த வழக்கத்தை மாற்ற மருத்துவமனை நிர்வாகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.